தேதி அச்சிடும் மெஷின் காலையில் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது எப்படி

எண்ணெய் டின்னின் அடிப்பக்கம், தண்ணீர் பாட்டிலின் கழுத்து, பி.வி.சி. குழாய், வீட்டு ஒயரிங் கம்பியின் மேலுறை. இவற்றில் அச்சாகியிருக்கும் தேதியையும் பேட்ச் எண்ணையும் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் எழுத்துகளில் கோடு இருக்காது, மைப் பொட்டுகள்தான் இருக்கும். ஏழு பொட்டு உயரம், ஐந்து பொட்டு அகலம் என்ற கட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்தும் அடங்கியிருக்கும். அந்தப் பொட்டுகள் ஒவ்வொன்றும் காற்றில் பறந்து வந்து விழுந்த ஒரு தனித் துளி. அச்சுத் தலை பொருளைத் தொடவே இல்லை. பாட்டில் கன்வேயரில் ஓடிக்கொண்டே இருந்தது, எழுத்து அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதைச் செய்வது தொடர் இங்க்ஜெட் வகை மெஷின். தொழிற்சாலைகளில் சி.ஐ.ஜே. என்பார்கள், இல்லாவிட்டால் வெறுமனே கோடிங் மெஷின். அச்சுத் தொழில் என்றதும் சிவகாசியும் ஆப்செட் மெஷினும்தான் நம் நினைவுக்கு வரும். பேக்கிங் லைனின் ஓரத்தில் ஒரு ஸ்டாண்டில் நிற்கும் இந்தப் பெட்டியை யாரும் அச்சு இயந்திரமாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் இது நின்றால் மொத்த லைனும் நிற்கும். பொட்டலப் பொருளில் விலையும் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. தேதி இல்லாத பாட்டிலை லாரியில் ஏற்ற முடியாது.

காலை ஷிப்டில் ஆப்பரேட்டர் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் இந்த மெஷின் உடனே அச்சிடாது. ஓரிரு நிமிடம், சில மாடல்களில் இன்னும் கொஞ்சம் அதிக நேரம், உள்ளே எதையோ செய்துகொண்டிருக்கும். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வாசகங்கள் மாறும். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கப்போகிறேன். இது தெரிந்த ஆப்பரேட்டருக்குப் பாதிக் கோளாறுகள் கோளாறாகவே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம். தெரியாதவருக்கு ஒவ்வொரு சிவப்பு விளக்கும் சர்வீஸ் இன்ஜினீயருக்கு ஒரு போன் கால், அரை நாள் காத்திருப்பு.

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அது தன் மெமரியையும் கீபோர்டையும் டிஸ்க்கையும் சோதித்துக்கொள்வது பலருக்கும் தெரியும். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யே அந்தச் சோதனையை முடித்த பிறகு ஒரு 'பீப்' ஒலி கொடுத்தது. இந்த அச்சு மெஷினும் முதலில் அதைத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. மீதி நேரம் முழுக்க இந்த மெஷின் சோதிப்பது ஒரு திரவத்தை. மை ஓடுகிறதா, நேராக ஓடுகிறதா, சரியான வேகத்தில் ஓடுகிறதா, சரியான இடத்தில் துளியாகப் பிரிகிறதா, அந்தத் துளி மின்னூட்டத்தை ஏற்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகிறது. முந்தைய கேள்விக்கு 'ஆம்' வந்திருந்தால்தான் அடுத்ததைக் கேட்பதில் பொருள் உண்டு. இந்த வரிசைதான் முழு விஷயத்துக்கும் சாவி.

சோதனைகளைப் புரிந்துகொள்ள, மெஷின் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஒரு இழை துளிகளாக உடைவது

குழாயை மெல்லத் திறந்தால் தண்ணீர் மேலே தொடர்ச்சியான இழையாக வரும், கீழே போகப் போகத் துளித் துளியாகப் பிரியும். திரவத்தின் பரப்பு இழுவிசை அந்த இழையை இழையாகவே இருக்க விடுவதில்லை. பெல்ஜிய இயற்பியலாளர் பிளாட்டோ 19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்தார். திரவ இழையின் நீளம் அதன் சுற்றளவைத் தாண்டினால் அது நிலையற்றுப் போகும் என்று காட்டினார். 1870களின் இறுதியில் ராலே பிரபு அடுத்த படிக்குப் போனார். இழையில் எழும் நெளிவுகளில் எது மிக வேகமாக வளர்ந்து இழையை உடைக்கும் என்று கணக்கிட்டார். இழையின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 4.5 மடங்கு நீளமுள்ள நெளிவு என்று விடை வந்தது.

இதில் தொழில்நுட்பத்துக்குக் கிடைத்த வரம் ஒன்று உண்டு. இழை எப்படியும் உடையத்தான் போகிறது. நாமே சரியான வேகத்தில் அதிர்வு கொடுத்தால் தாறுமாறாக உடையாமல் ஒரே அளவுத் துளிகளாக, ஒரே இடைவெளியில் உடையும். கோடிங் மெஷினின் அச்சுத் தலையில் இருக்கும் பீசோ படிகம், அதாவது மின்சாரம் கொடுத்தால் அதிரும் படிகம், அந்த அதிர்வைத்தான் கொடுக்கிறது. வழக்கமான அளவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மை பீய்ச்சும் வாயான நாசிலின் துளை விட்டம் 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மையின் வேகம் நொடிக்கு 20 மீட்டர், அதிர்வு நொடிக்கு 64,000. வேகத்தை அதிர்வால் வகுத்தால் அடுத்தடுத்த துளிகளுக்கு இடையே ஏறத்தாழ 310 மைக்ரான் வரும். ராலேயின் 4.5 மடங்கு என்ற கணக்கோ 270 மைக்ரான் தருகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய தாள் கணக்கு இன்றைய பேக்கிங் லைனுக்கு இவ்வளவு நெருக்கமாக வந்து நிற்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

துளிகள் பிறந்துவிட்டன. அவற்றை வேண்டிய இடத்துக்குத் திருப்ப வேண்டும். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் இதற்கு வழி கண்டார். மின் அலைகளைத் தாளில் வேகமாகப் பதிவு செய்யும் கருவிதான் அவர் தேடியது. இழையிலிருந்து துளி பிரியும் இடத்தில் ஒரு மின்முனை வைத்து, ஒவ்வொரு துளிக்கும் வேண்டிய அளவு மின்னூட்டம் கொடுத்தார். பிறகு சில ஆயிரம் வோல்ட் வேறுபாடுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே துளிகளைப் பறக்கவிட்டார். அதிக மின்னூட்டம் பெற்ற துளி அதிகமாக விலகும், குறைவாகப் பெற்றது குறைவாக விலகும். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஏ.பி.டிக் நிறுவனம் இதை வீடியோஜெட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1978இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிரேம் மின்டோ தொடங்கிய டாமினோவும் இதே தொழில்நுட்பத்தில் வளர்ந்ததுதான்.

மின்னூட்டம் பெறாத துளி விலகாமல் நேரே போய் எதிரே இருக்கும் சிறு குழாய் வாய்க்குள் விழும். அதற்கு கட்டர் (gutter, வடிகால்) என்று பெயர். வெற்றிட இழுப்பு அந்த மையைத் திரும்பத் தொட்டிக்குக் கொண்டுபோகும். மெஷின் ஓடும் நேரமெல்லாம் மை பீய்ச்சிக்கொண்டேதான் இருக்கும். மேலே சொன்ன அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 200 மில்லி மை அந்தத் துளை வழியாக வெளியே வருகிறது. அதில் மிகச் சிறு பங்குதான் பாட்டிலில் எழுத்தாகிறது, மற்றதெல்லாம் திரும்பி வருகிறது.

மை அசைவதற்கு முன்

மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது கட்டுப்பாட்டு போர்டு. தன் நினைவகத்தில் இருக்கும் மென்பொருள் முழுதாக, கெடாமல் இருக்கிறதா என்று கூட்டிப் பார்க்கும். மெமரியில் எழுதிப் பார்த்து, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். பவர் சப்ளையின் வோல்ட்டேஜ்கள் எல்லைக்குள் இருக்கின்றனவா, போர்டுகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். இது எல்லாக் கருவிகளும் செய்வதுதான்.

ஒரே ஒன்று மட்டும் இங்கே மற்றக் கருவிகளைவிட முக்கியம். அது கடிகாரம். மின்சாரம் இல்லாதபோதும் சின்ன பேட்டரி ஒன்றில் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தேதியை அச்சிடுவதற்கென்றே இருக்கும் மெஷினுக்குத் தேதி தெரியவில்லையென்றால் அதன் பிறகு நடக்கும் எல்லாச் சோதனையும் வீண். பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தொடக்க நாளுக்குப் போய்விடும். பல மாடல்கள் இதைக் கண்டுகொண்டு எச்சரிக்கும்.

அடுத்தது அக்கம்பக்கம் பார்ப்பது. மைத் தொட்டியிலும் கரைப்பான் தொட்டியிலும் அளவு போதுமா, மையின் வெப்பநிலை என்ன, பொருத்தியிருக்கும் கார்ட்ரிட்ஜின் சிப் இது சரியான வகை மைதான் என்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்க்கும். அச்சுத் தலையின் மூடி போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கும். மூடியில் ஒரு காந்தம், தலையில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். எளிய ஏற்பாடு என்றாலும் உயிர் காப்பது. இந்த மைகளில் பெரும்பாலும் கரைப்பானாக இருப்பது எம்.ஈ.கே. எனப்படும் மெத்தில் எத்தில் கீட்டோன். அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும். அதற்குப் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது. மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதற்காக அந்தச் சுவிட்சின்மேல் தனியாக ஒரு காந்தத்தை ஒட்டி வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தச் சுவிட்ச் காப்பது மெஷினை மட்டுமல்ல, குனிந்து பார்க்கும் உங்கள் முகத்தையும்தான்.

ஜெட் எழும்பும் கணம்

இதுவரை ஒரு சொட்டு மைகூட அசையவில்லை. இனிமேல்தான் பம்ப் ஓடத் தொடங்கும்.

அழுத்தம் ஏறும்போது மெஷின் இரண்டு விஷயங்களைக் கவனிக்கும். ஏற வேண்டிய நேரத்துக்குள் ஏறியதா? ஏறி ஓர் இடத்தில் நின்றதா? மெதுவாக ஏறினால் பம்ப் தேய்ந்திருக்கலாம், எங்கோ கசியலாம். எல்லை மீறி ஏறினால் ஃபில்டர் அடைத்திருக்கலாம். கட்டரின் வெற்றிட இழுப்பும் மை வெளியே வருவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் முதல் நொடியிலேயே அச்சுத் தலை முழுக்க மை வழியும்.

பல மாடல்களில் நாசில் வழியாக முதலில் வருவது மை இல்லை, கரைப்பான். இரவில் நாசில் வாயில் உறைந்திருக்கக்கூடிய மெல்லிய மைப் படலத்தைக் கரைத்துவிட்டு, அப்புறம் வால்வு மாறி மை வரும். 60 மைக்ரான் துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு காய்ந்த மை ஒட்டியிருந்தாலே இழை ஒரு பக்கமாகச் சாயும். அது போய்ச் சேர வேண்டிய கட்டர் வாயும் சின்னது. நாசிலிலேயே சிறு கோணம் தப்பினால் மை வெளியே போய்விடும்.

அதனால்தான் அடுத்த சோதனை கட்டரில் நடக்கிறது. மை மின்சாரத்தைக் கடத்தும். கட்டருக்குள் இருக்கும் சென்சார், மை வந்து சேர்ந்ததை அந்தக் கடத்தலை வைத்தே அறிந்துகொள்ளும். குறிப்பிட்ட நேரத்துக்குள் 'வந்துவிட்டது' என்ற சமிக்ஞை கிடைக்காவிட்டால் மெஷின் பம்பை நிறுத்திவிட்டுத் திரையில் கட்டர் ஃபால்ட் என்று காட்டும். ஆப்பரேட்டர்கள் அதிகம் பார்க்கும் பிழை இது. எரிச்சலூட்டும் பிழையும் இதுதான், ஏனென்றால் காலையில் லைன் தொடங்கும் நேரத்தில்தான் வரும்.

இங்கேதான் வரிசை தெரிந்தவருக்கு நன்மை. கட்டர் ஃபால்ட் வந்துவிட்டதென்றால் போர்டு நல்ல நிலையில் இருக்கிறது, தொட்டியில் மை இருக்கிறது, பம்ப் அழுத்தம் கொடுத்துவிட்டது. இவை தேறாமல் மெஷின் இந்தப் படிக்கே வந்திருக்காது. கோளாறு நாசில் வாய்க்கும் கட்டர் சென்சாருக்கும் இடையில்தான் எங்கோ இருக்கிறது. நாசில் அடைத்திருக்க வேண்டும், இழை சாய்ந்திருக்க வேண்டும், கட்டர் இழுக்காமல் இருக்க வேண்டும், அல்லது மை வந்தும் சென்சாருக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும். தலையின் மூடியைத் திறந்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சர்வீஸ் முறையில் ஜெட்டை மட்டும் ஓட்டிப் பார்த்தால் நான்கில் எது என்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். அடைப்பு என்றால் நாசில் வாயில் கரைப்பானை விட்டு வெற்றிடத்தால் பின்னோக்கி இழுக்கும் வசதி பல மெஷின்களில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஊசியால் குத்தக் கூடாது. குத்தினால் அந்தத் துளையின் வட்டம் கெடும், பிறகு நாசிலையே மாற்ற வேண்டியிருக்கும்.

பல கையேடுகளில் பிழைச் செய்திகள் எண் வரிசையில் அச்சிடப்பட்டிருக்கின்றன. தேடிப் பிடிக்க அது வசதிதான். ஆனால் புரிந்துகொள்ள உதவாது. மெஷின் எழும்பும் வரிசையிலேயே அவற்றை ஒரு தாளில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டினால், எந்தப் படியில் நின்றது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். லைனில் நிற்பவருக்கு இந்த ஒரு தாளைக் கொடுக்காமல் பச்சைப் பொத்தானையும் ஒரு போன் நம்பரையும் மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

மை எவ்வளவு கெட்டி, எவ்வளவு வேகம்

இழை நேராகப் போகிறது, கட்டரில் விழுகிறது. ஆனால் அது சரியான மையா? கட்டர் வெற்றிடம் மையை மட்டும் இழுப்பதில்லை, கூடவே காற்றையும் இழுக்கிறது. அந்தக் காற்று போகும்போது கரைப்பானின் ஆவியைக் கொண்டு போய்விடும். அதனால் மை ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லக் கெட்டியாகிறது. அதை ஈடுகட்டத்தான் மேக்-அப் எனப்படும் கரைப்பான் பாட்டில் தனியாக இருக்கிறது. பல லைன்களில் மையைவிட மேக்-அப்தான் அதிகம் செலவாகும். எழுத்தாகப் போவது கொஞ்சம், ஆவியாகப் போவது அதிகம் என்பதே காரணம்.

கெட்டித்தன்மையை அளக்க மாடலுக்கு ஒரு முறை இருக்கிறது. சிலவற்றில் ஒரு சிறு அறையில் மையை நிரப்பி, அது வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். சிலவற்றில் ஒரு குண்டு மைக்குள் விழும் நேரம். அளந்ததை வெப்பநிலையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். குளிர்ந்த மை இயல்பாகவே கெட்டியாக இருக்கும். மார்கழி விடியலில் ஓசூரில் இருக்கும் மையும் மே மாத மதியம் சென்னையில் இருக்கும் மையும் ஒரே பாட்டிலிலிருந்து வந்தாலும் ஒரே நேரத்தில் வடியாது. வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் மெஷின் கரைப்பானைச் சேர்த்துக்கொண்டே போனால், வெயில் ஏறிய பிறகு மை நீர்த்துப்போய் எழுத்து வெளிறிவிடும். வெப்பநிலைக்கேற்ற இலக்கு அட்டவணை மெஷினுக்குள்ளேயே இருப்பது இதற்காகத்தான்.

வேகத்தை அளப்பது இன்னும் அழகான வேலை. ஒரு துளிக்கு மின்னூட்டம் கொடுத்துவிட்டு, அது சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் சென்சாரைத் தாண்டும் கணத்தைப் பிடிப்பார்கள். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 20 மில்லிமீட்டரைக் கடக்க ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். அதைவிடத் தாமதமானால் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டும், சீக்கிரம் வந்தால் குறைக்கும். இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், துளி எவ்வளவு விலகும் என்பது வேகத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது. வேகம் 5 சதவீதம் குறைந்தால் விலகல் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். எழுத்து அந்த அளவுக்கு உயரமாகிவிடும், அடுத்த வரியை இடிக்கும்.

பதினாறில் ஒரு கணம்

மொத்தச் சோதனையிலும் எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஃபேசிங் என்பார்கள்.

இழையும் நாசிலும் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே பொருள், தரையோடு இணைக்கப்பட்டவை. இழையின் நுனியைச் சுற்றி மின்முனை இருக்கிறது. அதில் வோல்ட்டேஜ் கொடுத்தால் இழையின் நுனியில் அதற்கு எதிர் வகை மின்னூட்டம் வந்து சேரும். அந்த நேரத்தில் நுனி பிரிந்து துளியானால் அந்த மின்னூட்டம் துளியோடு சிறைப்பட்டுப் போய்விடும். பிரியும் கணத்தில் வோல்ட்டேஜ் எவ்வளவோ, துளியின் மின்னூட்டமும் அதற்கேற்ப. பிரியும் கணத்திலேயே வோல்ட்டேஜ் மாறிக்கொண்டிருந்தால் துளிக்கு என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எழுத்து சிதறிப்போகும்.

நொடிக்கு 64,000 துளி என்றால் ஒரு துளிக்கு 15.6 மைக்ரோ நொடி. அந்த 15.6க்குள் எந்தக் கணத்தில் இழை அறுகிறது என்பதை மெஷின் நேரடியாகப் பார்க்க முடியாது. வெப்பம், கெட்டித்தன்மை, அழுத்தம், அதிர்வின் வலு இவற்றில் எது மாறினாலும் அந்தக் கணம் நகரும். ஆகவே அது தேடிக் கண்டுபிடிக்கிறது. துளியின் காலத்தை எட்டாகவோ பதினாறாகவோ பிரித்துக்கொள்ளும். பதினாறு என்றால் ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோ நொடிக்குக் கொஞ்சம் குறைவு. முதல் பிரிவில் ஒரு சின்ன சோதனைத் துடிப்பு கொடுத்து, கீழே இருக்கும் சென்சாரில் மின்னூட்டம் வந்ததா என்று பார்க்கும். பிறகு இரண்டாவது, மூன்றாவது. துடிப்பு இருக்கும் நேரத்துக்குள் இழை அறுந்திருந்தால் மின்னூட்டம் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. பதினாறு விடைகளையும் வரிசைப்படுத்தினால் அறுபடும் கணம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகிவிடும். அச்சிடும் துடிப்பு அதை நடுவில் வைத்துக்கொள்ளும்படி அமைத்துக்கொள்ளும்.

இந்தச் சோதனைத் துளிகள் எங்கே போகின்றன என்று கேட்கலாம். அவற்றுக்குக் கொடுக்கும் மின்னூட்டம் மிகக் குறைவு. கட்டரின் வாயைத் தாண்டி விலகும் அளவுக்கு அது போதாது. எனவே எல்லாச் சோதனைத் துளிகளும் கட்டரிலேயே விழுந்து திரும்பி வருகின்றன. வெளியே ஒரு பொட்டுகூடப் படாமல், ஒரு சொட்டு மைகூட வீணாகாமல் அச்சிடும் வேலையின் மிக நுட்பமான பகுதி சோதிக்கப்பட்டுவிடுகிறது. லேபிள் அச்சிடும் வெப்ப மெஷின்களில் இது வேறு மாதிரி. அவை தலையில் இருக்கும் நூற்றுக்கணக்கான சூடேற்றுப் புள்ளிகளின் மின்தடையை அளக்கலாம், சில லேபிள்களை நகர்த்தி இடைவெளியைக் கண்டுபிடிக்கலாம், சோதனை லேபிள் ஒன்றையே அச்சிட்டுக் காட்டலாம். இங்கே எதிரே இருப்பது விற்பனைக்குப் போகும் பாட்டில். அதன்மேல் பரிசோதனை செய்ய முடியாது.

ஃபேசிங் தொடங்கும்போது ஒருமுறை செய்துவிட்டு முடிவதில்லை. அச்சிடும் பொட்டலங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிகளில் மெஷின் திரும்பத் திரும்ப இதைச் செய்துகொண்டே இருக்கும், ஏனென்றால் மதியம் வெப்பம் ஏறும்போது அறுபடும் கணமும் நகர்ந்திருக்கும். இந்தப் படியில் பிழை வந்தால் பம்பையும் நாசிலையும் தொட வேண்டாம், அவை ஏற்கெனவே தேறிவிட்டன. மின்முனையில் ஈரமோ மையோ ஒட்டியிருக்கிறதா, மை மிகவும் பழையதா, அதிர்வு போதுமா என்று பாருங்கள். பல தலைகளில் துளிகளின் வேகத்துக்கு ஒத்து மின்னும் ஒரு சின்ன விளக்கு இருக்கும். உருப்பெருக்கி வைத்து அதன் வெளிச்சத்தில் பார்த்தால் பறக்கும் துளிகள் அப்படியே நின்றிருப்பதாகத் தெரியும். இழை எங்கே அறுகிறது, நடுவே குட்டித் துளிகள் உண்டாகின்றனவா என்பதெல்லாம் கண்ணெதிரே இருக்கும். வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உயர் மின்னழுத்தம் கடைசியில்

விலக்கும் தகடுகளுக்கு சில ஆயிரம் வோல்ட் கொடுப்பது ஏறக்குறைய கடைசிப் படி. மற்றதெல்லாம் தேறும்வரை மெஷின் இதைத் தொடாது. ஜெட் சாய்ந்து தகட்டின்மேல் மை வழிந்திருக்கும் நிலையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் பொறி பறக்கும் என்பதால்தான் இந்த ஒழுங்கு. கொடுக்கும்போதும் மெஷின் கசியும் மின்னோட்டத்தைக் கவனித்துக்கொண்டே ஏற்றும். எல்லை தாண்டினால் உடனே துண்டித்துவிட்டு இ.எச்.டி. டிரிப் (EHT trip), அதாவது உயர் மின்னழுத்தம் துண்டிக்கப்பட்டது என்று காட்டும்.

இந்தப் பிழையின் மிகச் சாதாரணக் காரணம் ஈரம். தலையைக் கரைப்பானால் கழுவிவிட்டு, உலர விடாமல் அவசரமாக மூடியைப் போட்டால் இது வரும். கழுவியதும் நன்றாக உலர்த்துங்கள், அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இவ்வளவும் தேறியபின் திரையில் 'தயார்' என்று வரும்.

மெஷினால் தெரிந்துகொள்ள முடியாதவை

துளியின் மின்னூட்டத்தை ஒரு மைக்ரோ நொடிக்குள் சரிபார்க்கும் இந்த மெஷினுக்கு, அச்சிடப்போகும் தேதி சரியா என்பது தெரியாது. கடிகாரம் ஓடுகிறது என்பதுவரை சொல்லும். அது காட்டும் நாள் இன்றுதானா என்று சொல்லாது. நேற்று ஓடிய வேறொரு பொருளின் மெசேஜ் இன்னும் ஏற்றப்பட்டிருந்தால் அதையே மிகத் துல்லியமாக, மிக அழகாக ஆயிரக்கணக்கான பாட்டில்களில் அடித்துத் தள்ளும். காலாவதி நாளை 'இன்றிலிருந்து ஆறு மாதம்' என்று யாரோ அமைத்து வைத்திருப்பார்கள். பொருள் மாறும்போது அந்த ஆறு மூன்றாக வேண்டியிருக்கலாம்.

பாட்டில் வந்ததை அறியும் ஒளி சென்சாரும், கன்வேயர் வேகத்தைச் சொல்லும் என்கோடரும் லைன் ஓடும்போதுதான் உண்மையில் சோதிக்கப்படுகின்றன. எழுத்து பாட்டிலின்மேல் விழுந்ததா, காற்றில் போய் எதிர்ச் சுவரில் விழுந்ததா என்பதும் மெஷினுக்குத் தெரியாது. சில லைன்களில் இதற்கென்றே கேமரா வைக்கிறார்கள். மற்ற இடங்களில் முதல் சில பாட்டில்களைக் கையில் எடுத்து, அன்றைய உற்பத்திச் சீட்டோடு ஒப்பிட்டு, கையெழுத்துப் போடும் ஒரு ஆள்தான் கேமரா. மெஷின் செய்யும் எல்லாச் சோதனைகளுக்கும் மேலான சோதனை அது. அந்த வேலையைச் செய்பவருக்கு அவசரப்படுத்தாமல் நேரம் கொடுக்க வேண்டும்.

தொடக்கம் முந்தைய நாள் மாலையில்

காலைத் தொடக்கத்தின் பெரும்பகுதியை முந்தைய நாள் நிறுத்திய விதமே தீர்மானித்துவிடுகிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் மெஷின் உடனே அணையாது. முதலில் உயர் மின்னழுத்தத்தை எடுத்துவிடும். மை வால்வை மூடி நாசிலுக்குக் கரைப்பானை அனுப்பும். கட்டர் குழாயில் நிற்கும் மையைத் தொட்டிக்கு இழுத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் பம்ப் நிற்கும். இதற்கும் சில நிமிடம் ஆகும். ஷிப்ட் முடிந்த அவசரத்தில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டால் இதில் எதுவும் நடக்காது. நாசிலில் நின்ற மை, எம்.ஈ.கே. ஆவியான வேகத்திலேயே காய்ந்துவிடும். மறுநாள் காலை வரும் கட்டர் ஃபால்ட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மின்வெட்டும் இதையேதான் செய்யும். ஜெனரேட்டர் எழும்பும் சில நொடி இடைவெளியில் மெஷின் பாதியில் அணைந்து, மை நாசிலிலேயே நின்றுவிடும். மெஷினுக்கு முன்னால் ஒரு சிறு யு.பி.எஸ். இருந்தால் அது லைனை ஓட்டப் போதாவிட்டாலும், கழுவி முடித்து ஒழுங்காக அணைய வேண்டிய நேரத்தைக் கொடுத்துவிடும். பொங்கல் மாதிரி நான்கைந்து நாள் விடுமுறை வந்தால் கடைசி நாளில் முறையாக நிறுத்தி, தலையைக் கரைப்பானால் கழுவி, உலர்த்தி, மூடி போட்டு வையுங்கள். அதைவிட நீண்ட நிறுத்தம் என்றால் மையை வடித்துவிட்டுக் கரைப்பானை ஓடவிடச் சொல்லும் கையேடுகள் உண்டு. உங்கள் மாடலுக்கு எத்தனை நாள் என்று அதில் இருக்கும், விடுமுறைக்கு முந்தைய நாள் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.